எண் 38: நடவடிக்கை நிலுவையில்

அக்டோபர் 6, திங்கள்

இன்றும் யாரும் சுவரேறிக் குதிக்கவில்லை.

மேற்குச் சுவரடியில் மூன்று இருபது முதல் நாலு பத்து வரை நின்றேன். பத்தாம் வகுப்பு ‘ஈ’ பிரிவுக்குக் கடைசிப் பாடவேளை தமிழ். நான் உதவித் தலைமையாசிரியர், அதாவது ஏ.எச்.எம்., ஆகிப் பதினோரு வருடம். இத்தனை வருடமும் கடைசிப் பாடவேளை எதுவானாலும் அந்தப் பிரிவிலிருந்து நாலைந்து பேராவது இந்தச் சுவரைத் தாண்டுவார்கள். நான் கீழே நிற்பேன், பிடிப்பேன், பெயர் எழுதுவேன். அவர்களுக்கும் எனக்கும் இடையே ஓர் ஒழுங்கு இருந்தது. இப்போது பதினைந்து நாளாக ஒருவனும் வருவதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து குதித்துக்கொண்டிருக்கும் உச்சிமாகாளிகூட வகுப்பிலேயே இருக்கிறான்.

வருகை குறைந்தால் காரணம் கேட்கிறோம். கூடினால் கேட்பதில்லை. நிர்வாகத்தின் பலவீனம் அதுதான்.

மனைவி கமலம் ஓசூரிலிருந்து போனில் பேசினாள். “சாப்ட்டியளா?” என்றாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம் என்றேன். (இரண்டு பன், ஒரு டீ.) மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் என்று சொல்லிப் போனவள். பேத்திக்கு இப்போது பல் முளைக்கிறதாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

தலைமையாசிரியர் தவசிக்கனி அழைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார்.

“ஆவுடையப்பன், அந்த முப்பிடாதி டீச்சர் பத்து ஈ-யில என்னவே பண்ணுது?”

“தமிழ் நடத்துது சார்.”

“அது எனக்குத் தெரியாதா? பயலுவ ஏன் கிளாஸ்ல இருக்கானுவ?”

என் கேள்வியும் அதுதான். முப்பிடாதி ஜூனில் தற்காலிகமாகச் சேர்ந்தவர். டிசம்பர் ஐந்தாம் தேதி பள்ளிக்குழு கூடி அவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்யும். அதற்குள் ரகசியமாகக் கவனித்து நான் ஒரு கோப்புத் தயாரிக்க வேண்டும். “கோப்பு கனமா இருக்கணும்” என்றார். தன் கொழுந்தியாள் மகள் தமிழ் எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

சிவப்பு நாடா கட்டிய புதுக் கோப்பு எடுத்து மேலே ‘பத்து ஈ – ரகசியம்’ என்று எழுதினேன்.

அக்டோபர் 9, வியாழன்

என் அறை ஜன்னலும் பத்து ஈ ஜன்னலும் மைதானத்தின் இரு பக்கம், நேருக்கு நேர். கண்காணிக்க வசதி.

3.25: ஒரு பையன் எழுந்து தாளில் எதையோ வாசித்தான். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் “பாத்தியா?” என்றது. அவன் “பாத்தேன்” என்றான். சிலர் தலையாட்டினார்கள், சிலர் மறுத்தார்கள்.

3.27: முப்பத்தோரு பேரும் வரிசையாக வெளியே வந்து குடிநீர்க் குழாய்களின் முன் நின்றார்கள். யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. குழாய்களைப் பார்த்தார்கள். ஒருத்தி முதல் குழாயைத் திருகினாள், பிறகு இரண்டாவதை, பிறகு மூன்றாவதை.

3.34: திரும்பிப் போனார்கள்.

முப்பத்தோரு பேர் சேர்ந்து குழாயைப் பார்ப்பதற்கு ஒழுங்கு விதிகளில் தடை இல்லை. இப்படி ஒன்று நடக்கும் என்று விதி எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அக்டோபர் 10, வெள்ளி

முதல் தடயம். மணி அடித்த பின் பத்து ஈ-யின் மூன்றாம் பெஞ்சுக்கு அடியில் கைப்பற்றினேன்.

பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத்
தாழ்ப்பாள் இல்லை.
உள்ளே இருப்பவள்
பாடிக்கொண்டே இருக்கிறாள்.

மேல்நிலை மாணவர்களுக்கு வேதியியல் நடத்துகிறவன் நான். பெயர் தெரியாத உப்பைக் கொடுத்தால் முதலில் நிறம், பிறகு மணம், பிறகு கரைதிறன். தாளுக்கும் அதே முறைதான். நீல மை. கோடு போட்ட தாள், நோட்டின் நடுப்பக்கம். அனுப்புநர் இல்லை, பெறுநர் இல்லை, கையொப்பம் இல்லை. ஆகவே இது மொட்டை மனு. ‘பெறப்பட்டது’ முத்திரை குத்தி எண் 1 என்று பதிவேட்டில் ஏற்றினேன்.

கவலை தரும் வரி கடைசி வரி. உள்ளே இருப்பவள் யாருக்காகப் பாடுகிறாள்? எதற்கான சைகை? துப்புரவு செய்யும் அம்மாவிடம் யதார்த்தமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“தாப்பா போயி ஒம்போது மாசமாச்சு சார். ஆள் இருக்குன்னு தெரியணும்லா, அதான் பிள்ளைய பாடும். பாட்டு வராத பிள்ள இருமும்.”

அக்டோபர் 13, திங்கள்

பணியாளர் கோமதிநாயகத்தை அனுப்பித் தாழ்ப்பாள் வாங்கிப் பொருத்தச் செய்தேன். இனி யாரும் பாட வேண்டியதில்லை. சதியின் அடிப்படையே தகர்ந்தது.

பதிவேட்டில், எண் 1. நடவடிக்கை: தாழ்ப்பாள் பொருத்தப்பட்டது.

வீட்டில் மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. நாளை பார்க்க வேண்டும்.

அக்டோபர் 15, புதன்

என் அறை வாசலில் ஒரு புகார்ப் பெட்டி உண்டு. சாவி என்னிடம். மாதம் ஒருமுறை திறந்து ‘மனுக்கள் இல்லை’ என்று எழுதுவேன். போன வருடம் மட்டும் உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது.

இன்று ஏழு தாள்கள். எல்லாம் நாலு வரிக்குள். எண் 2:

குடிநீர்க் குழாய் நாலு.
மூன்றைத் திருகிப் பார்ப்போம்.
நாலாவதில் குடிப்போம்.

எண் 5:

மின்விசிறி எட்டு மாதமாகச் சுற்றவில்லை.
அதன் அடியில் உட்காரத்தான்
இன்னும் சண்டை.

கையெழுத்துகளைத் தேர்வுத் தாள்களோடு ஒப்பிட்டேன். ஏழும் பத்து ஈ. எண் 1-ஐ எழுதியவள் பேராச்சி என்பதும் உறுதியானது. காலாண்டுத் தேர்வில் ‘என் பள்ளி’ கட்டுரைக்குக் கேள்வியையே மூன்றுமுறை எழுதி வைத்தவள்.

அக்டோபர் 17, வெள்ளி

முப்பிடாதியை வரவழைத்தேன். எதிர் நாற்காலியில் என் டிபன் பை இருந்ததால் நின்றுகொண்டே பேசினார்.

“வகுப்புல என்னம்மா நடக்கு?”

“பொதுத்தேர்வுல படம் குடுத்து நாலு வரி எழுதச் சொல்லுவாங்கல்லா சார், அஞ்சு மார்க். அதுக்குப் பழகுதோம். ரெண்டு பக்கம் எழுதுன்னா ஓடிருதானுவ. நாலு வரின்னா உக்காருதானுவ.”

“அதுக்குக் குழாயடிக்கு எதுக்கு ஊர்வலம்?”

“நிலா, பூ, அம்மா மூணும் கூடாதுன்னுட்டேன் சார். காம்பவுண்டுக்குள்ள கண்ணால பாத்தது மட்டும்தான். ஒருத்தன் வாசிச்சா, வகுப்பு ‘பாத்தியா’ன்னு கேக்கும். சந்தேகம்னா எல்லாரும் போயிப் பாக்கணும். புளுகுனவன் மறுபடி எழுதணும்.”

“சந்தேகப்படவா சொல்லிக் குடுக்கிய?”

“ஆமா சார். கவிதையைவிட அதுல அவனுவளுக்கு ஆர்வம் ஜாஸ்தி. அதுக்காகவே எழுதுதானுவ.”

முப்பத்தோரு பேருக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்திருக்கிறார். தொழில்முறையில் அவர்மீது சிறிது மரியாதை வந்தது. கோப்பில் அதைச் சேர்க்கவில்லை.

“உச்சிமாகாளி எதுவும் எழுதுதானா?”

“இல்ல சார். அவன் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருக்கான்.”

“எதை?”

“கேக்கலை சார். முடிச்சபிறகு சொல்லுவான்.”

அந்த ஜன்னலுக்கு எதிரே என் ஜன்னல் மட்டும்தான் இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கமலத்திடம் இட்லி, கேசரி என்றேன். கேசரி மட்டும் உண்மை, பக்கத்து வீட்டார் கொடுத்தது.

அக்டோபர் 27, திங்கள்

எண் 9 முதல் 21 வரை. என் உத்தி எளிது. ஒவ்வொரு மனுவின் காரணத்தையும் நீக்கிவிட்டால் அடுத்த மனுவுக்கு வழியில்லை. குழாய் மூன்றும் சரி. மின்விசிறி சுற்றுகிறது. ஒழுகும் ஓடு மாற்றப்பட்டது. ஆனால் மனுக்கள் குறையவில்லை, கூடுகின்றன. இவர்களுக்குப் பின்னால் பெரிய கை ஏதோ இருக்க வேண்டும்.

இடைவேளையில் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது. பேராச்சி ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நோட்டுல எழுதுனா டீச்சர் அஞ்சு மார்க்கு போடுவாங்க. பெட்டியில போட்டா ஏ.எச்.எம். தாப்பா போடுவாரு.”

“எதுனாலும் போடுவாராக்கா?”

“பாத்ததுன்னா போடுவாரு. புளுகுன்னா அவருக்குத் தெரிஞ்சிரும். வந்து நின்னு பாப்பாரு பாரு, நம்ம டீச்சர் தோத்துச்சு.”

பொருள் விளங்கவில்லை. குறித்து வைத்தேன்.

நவம்பர் 5, புதன்

எண் 26. கையெழுத்து செய்யது மைதீனுடையது.

வருகைப் பதிவேட்டில்
அத்தா ஊரில் இருந்த நாளெல்லாம்
எனக்கு ஆப்சென்ட்.

இதில் கோரிக்கை எது? பொருத்தவோ மாற்றவோ எதுவும் இல்லை. பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஜூலையில் தொடர்ந்து இருபத்தாறு நாள். தகப்பனார் வளைகுடாவில் ஓட்டுநர். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஒரு மாதம் வருகிறவர். அந்த மாதத்தில் நான் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ‘பொறுப்பற்ற தன்மை’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

நடவடிக்கை: எச்சரிக்கைகள் இரண்டும் திரும்பப் பெறப்பட்டன.

பையனைக் கூப்பிட்டு நகலைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “சார், இது கவிதைதான் சார், மனு இல்ல” என்றான்.

“பெட்டிக்குள்ள வந்தா மனுதான். போடா.”

நவம்பர் 8, சனி

மைத்துனர் வந்திருந்தார். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓய்வு பெறும் நாளன்று, ஏதோ ஒரு விசாரணை நிலுவையில் இருக்கிறதென்று அவரை விடுவிக்காமல் நிறுத்திவிட்டார்கள். மாலையோடு வந்தவர்கள் மாலையோடு திரும்பினார்கள். நாலு வருடமாகச் சொல்லும் கதை. இன்றும் முழுவதும் கேட்டேன்.

நவம்பர் 12, புதன்

எண் 31:

வேப்பமர நிழலில்
தலைமையாசிரியர் கார்.
வெயிலில் எங்கள் சைக்கிள்.
வீடுவரை எழுந்து நின்றே ஓட்டுகிறோம்.

மூன்றரை மணிக்குப் போய் ஒரு சைக்கிள் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டேன். நவம்பரில் இப்படி என்றால்.

நடவடிக்கை: தலைமையாசிரியரின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

“என் கார் மேலயே மனுவா? கோப்பு அந்தப் பொம்பள மேலயா, என் மேலயாவே?” என்றார். கோப்பு கனமாக இருக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார் என்பதை நினைவூட்டினேன்.

கார் நகரவில்லை.

நவம்பர் 24, திங்கள்

எண் 38. உச்சிமாகாளி எழுதியது. அவன் கையெழுத்து எனக்குத் தெரியும். பிடிபட்ட நாளிலெல்லாம் ‘இனிக் குதிக்க மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தவன். முதல்முறையாக வேறொன்று எழுதியிருக்கிறான்.

ஏ.எச்.எம். அறையில் இரண்டு நாற்காலி.
ஒன்றில் அவர்.
இன்னொன்றில்
அவர் டிபன் பை.

நிறம், மணம், கரைதிறன் எல்லாம் பார்த்தேன். கோரிக்கை தெளிவாக இல்லை.

நடவடிக்கை: நிலுவையில்.

நவம்பர் 25, செவ்வாய்

நிலுவையில்.

நவம்பர் 28, வெள்ளி

பையை எப்போதிலிருந்து அந்த நாற்காலியில் வைக்கிறேன் என்று யோசித்தேன். மேசையில் இடம் இருக்கிறது. ஆணியும் இருக்கிறது. காலியாக இருக்கும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய முடியாது என்பதால் இருக்கலாம். இது யூகம். கோப்புக்குத் தேவையில்லை.

டிசம்பர் 3, புதன்

தலைமையாசிரியர் கோப்பைக் கேட்டு வாங்கினார். முதல் பத்துப் பக்கம் புரட்டியதும் முகம் மாறியது.

“என்னவே இது? கக்கூஸ், குழாய், கார். இதைக் கமிட்டியில வச்சா சட்டையைப் புடிக்கிறது நம்மளைத்தான். இதையெல்லாம் கிழிச்சுப் போடும். டீச்சருக்கு ஒழுங்கு இல்ல, வேண்டாம்னு ஒரு பக்கம் எழுதிக் கொண்டாரும், போதும்.”

“பதிவெண் போட்ட தாளைக் கிழிக்க எனக்கு அதிகாரம் இல்ல சார்.”

“நான் சொல்லுதேன்லா?”

“எழுத்துல குடுங்க சார். அதுக்கு ஒரு எண் போட்டுக்கிடுதேன்.”

அவர் எழுத்தில் கொடுக்கவில்லை. பதினோரு வருடத்தில் அவரை நான் மறுத்துப் பேசியது இது முதல்முறை. ரத்த அழுத்த மாத்திரை போட்டேனா என்று நினைவில்லை. மறுபடி போடவில்லை.

எண் 38-ஐ மட்டும் தனியே எடுத்து வைக்கலாமா என்று பார்த்தேன். எடுத்தால் 37-க்கு அடுத்து 39 வரும். என் பதிவேட்டில் எண் விட்டுப்போனதில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

பள்ளிக்குழு. ஐந்து உறுப்பினர்கள், ஐந்து வடை. செயலர் பால்வண்ணநாதன் நடுவில். அரிசி ஆலைக்காரர், எதையும் கையில் வாங்கிப் பார்க்காமல் நம்பாதவர்.

“தமிழ் டீச்சரை மாத்தணும்னு ஹெச்.எம். சொல்லுதாரு. ஆதாரம் உம்மகிட்ட இருக்காம். வாசியும்.”

ஒரு பக்கச் சுருக்கம் என் பையில் இல்லை. எண் 1-லிருந்து, நடவடிக்கையோடு, வரிசையாக வாசித்தேன். தாழ்ப்பாள் கவிதையில் ஒருவர் வடையைக் கீழே வைத்தார். குழாய்க் கவிதையில் செயலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இப்ப நாலுலயும் தண்ணி வருதா? பாத்தீரா?”

“பாத்தேன் ஐயா.”

அவர் எழுந்தார். வேறு வழியில்லாமல் எல்லாரும் எழுந்தார்கள். ஐந்து உறுப்பினர்களும் தலைமையாசிரியரும் நானும் குழாயடியில் வரிசையாக நின்றோம். செயலர் ஒவ்வொன்றாகத் திருகினார். யாரும் குடிக்கவில்லை. எதிரே பத்து ஈ ஜன்னலில் முப்பத்தோரு தலைகள் தெரிந்தன. எங்களைப் பார்த்து அவர்கள் சிரிக்கவில்லை. சரிபார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தவர்கள்.

திரும்பி வந்ததும் எண் 31. செயலர் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தார். கார் நின்றது. தலைமையாசிரியரைப் பார்த்தார். “ம், மேல வாசியும்” என்றார்.

37 முடிந்தது. 38-ஐ வாசித்தேன். நாலு வரிதான். வேறு எதையும்விட நீளமாக இருந்தது.

செயலர் மெதுவாகக் கேட்டார்.

“பாத்தீரா?”

“பாத்தேன்.”

“நடவடிக்கை?”

“நிலுவையில் ஐயா.”

கடைசித் தாள்வரை வாசித்து நாடாவைக் கட்டினேன். செயலர் கண்ணாடியைத் துடைத்தார்.

“பத்து ஈ பயலுவளா எழுதுனது? பேரை எழுதச் சொன்னாலே பேனா இல்லம்பானுவளே. சரி, அந்த டீச்சர் பிள்ளை மேல உம்ம முடிவு என்ன?”

“முப்பத்தோரு பேரைச் சந்தேகப்படத் தூண்டியிருக்கிறார். நிர்வாகத்தில் ஒவ்வொன்றையும் நேரில் பார்த்துக் கேள்வி கேட்கவைத்திருக்கிறார். சாதாரண விஷயமில்லை ஐயா. முழு விசாரணை வேண்டும்.”

தலைமையாசிரியர் முகத்தில் இரண்டு மாதத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

“ஆனால் விசாரணை நிலுவையில் இருக்கும்போது சம்பந்தப்பட்டவரைப் பணியிலிருந்து விடுவிக்க முடியாது. என் மைத்துனர் விஷயத்தில்கூட அப்படித்தான் செய்தார்கள்.”

சிரிப்பு பாதியில் நின்றது.

“எம்புட்டு நாள் ஆகும்?” என்றார் செயலர்.

“சாட்சிகள் முப்பத்தோரு பேர். பொதுத்தேர்வு எழுதுகிறவர்கள், நடுவில் தொந்தரவு செய்யக் கூடாது. ஏப்ரல் கடைசி ஆகிவிடும். முடியாவிட்டால் அடுத்த கல்வியாண்டிலும் தொடரலாம்.”

“செயலர், இவரு என்ன சொல்லுதாருன்னா…” என்று தலைமையாசிரியர் ஆரம்பித்தார்.

“எனக்குக் கேட்டுச்சுவே” என்றார் செயலர். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “நீரு கெமிஸ்ட்ரிதான?”

“ஆமா ஐயா.”

“பாத்தா தெரியலை.”

தீர்மானம்: விசாரணை முடியும்வரை முப்பிடாதி பணியில் தொடர்வார். விசாரணை அலுவலர், நான்.

டிசம்பர் 6, சனி

கமலம் பேசினாள். “சாப்ட்டியளா?”

“இல்லை.”

அந்தப் பக்கம் பேத்தி எதையோ தட்டும் சத்தம் கேட்டது. “என்ன இல்ல? நேத்தா, இன்னைக்கா?”

“பிப்ரவரியிலேர்ந்து.”

புதன்கிழமை ரயிலுக்குச் சீட்டுப் போடச் சொல்லியிருக்கிறாள். இந்தத் தகவலை நான் எதற்காகக் கொடுத்தேன் என்று தெரியவில்லை. உண்மை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

மோட்டாரை ஆள் வந்து சரிசெய்தான்.

டிசம்பர் 8, திங்கள்

வேப்பமரத்தடியில் சைக்கிள்கள். கார் வெயிலில்.

முதல் விசாரணைக்கு முப்பிடாதி வந்து வழக்கம்போல் நின்றார்.

“உக்காருங்கம்மா.”

அவர் நாற்காலியைப் பார்த்தார். நான் எழுந்து, பையை எடுத்துக் கீழே வைத்தேன். உட்கார்ந்தார். விசாரணை பத்து நிமிடம் நடந்தது. அடுத்த விசாரணை வெள்ளிக்கிழமை.

எண் 38. நடவடிக்கை: டிபன் பை தரையில் வைக்கப்பட்டது.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது எதிர் ஜன்னலில் உச்சிமாகாளி இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, குனிந்து, வேகமாக எதையோ எழுத ஆரம்பித்தான். என்ன எழுதுகிறான் என்று இங்கிருந்து தெரியவில்லை. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நாளை பெட்டியைச் சீக்கிரம் திறக்க வேண்டும்.